இலையுதிர் மலையில் இரண்டு நாள்



ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்துக் கண்டவர் தமிழர். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்பன அவை. இவற்றுள் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்ப் பொழுதாகும். வாடையும் மழையும் கூடி வரும் அத்திங்கள்களில் நம் நாட்டு மரங்கள் இலைகளைக் கொட்டி வெறுமையாய் நிற்பதில்லை. மழை கண்டு தளிர்க்கவே செய்கின்றன. ஆகவே ‘இலையுதிர் காலம்’ என்னுந் தொடரை நம் பிள்ளைகள் புவியியற் பாடத்திற் படித்து மனனஞ் செய்கின்றனரேயன்றி, கண்ணாற் கண்டவரல்லர். களுத்துறை, கேகாலைப் பகுதிகளின் றப்பர்த் தோட்டங்கள் தை, மாசித் திங்கள்களிற் செம்மஞ்சளாகி இலை கழிவதனையும், முற்றத்து வாதுமை மரத்தின் அகன்ற இலைகள் சிவந்து விழுவதனையும் பார்த்தவர்கள் ஓரளவு ஊகித்துக்கொள்ளலாம். ஒரு மரமன்று, ஒரு தோட்டமுமன்று. ஆயிரஞ் சதுர மைலுக்கு மேற்பட்ட மலைக்காடு முழுவதும் இரண்டு மூன்று கிழமைக்குள் பச்சை நீங்கிப் பொன்னும் செம்பும் குருதிச் சிவப்புமாக மாறுமாயின் எப்படியிருக்கும்? அதனைக் காண்பதற்கென்றே மக்கள் வார இறுதிதோறும் வீட்டைப் பெயர்த்து வண்டியிலேற்றிக்கொண்டு மலைக்குச் செல்லும் வழக்கமொன்று ஐக்கிய அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் உள்ளது.

அம்மூலையிலுள்ள சிறிய மாநிலங்களுள் ஒன்று நியூ ஹம்ப்ஷயர். அதன் வட பகுதியில் நிற்பன ‘வெண்மலைகள்’ எனப் பொருள்படும் ‘ஒயிட் மவுண்டன்ஸ்’. பொஸ்டன் நகரிலிருந்து இம்மலைகளின் நடுவிலுள்ள லிங்கன் என்னும் ஊருக்கு ஏறக்குறைய 130 மைல். கொழும்பிலிருந்து அனுராதபுரத்துக்குள்ள தூரம் என்று வைத்துக்கொள்ளலாம். இம்மலைகளுள் உயர்ந்தது வாஷிங்டன் மலை. அதன் உயரம் 6,288 அடி. நம் சிவனொளிபாத மலையோ 7,359 அடி. எனவே உயரத்தில் நம் மலையே ஆயிரம் அடிக்கு மேல் விஞ்சி நிற்கின்றது. ஆயினும் சிவனொளிபாதத்தின் உச்சியில் அதிகாலையிற் கம்பளி போர்த்து நிற்பவர் அறிந்த குளிரும், வாஷிங்டன் மலை உச்சியிலுள்ளோர் அறிந்த குளிரும் ஒன்றல்ல. 1934 ஏப்பிரல் 12 ஆந் தேதி அவ்வுச்சியிலுள்ள வானிலை நிலையத்தார் மணிக்கு 231 மைல் வேகத்தில் வீசிய காற்றினை அளந்து பதிந்தனர். உலகில் அளக்கப்பட்ட காற்றுகளுள் அதுவே மிகக் கடியதென்னும் நிலை 1996 ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவுக்கப்பால் ஒரு தீவில் வீசிய சூறாவளி வரை நீடித்தது. உயரத்தை மட்டும் வைத்து ஒரு மலையை மதிப்பிடுதல் பிழை என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டியதில்லை.

இனி, இலை ஏன் நிறம் மாறுகின்றது? குளிர் பட்டு இலை வெந்துபோகின்றது என்று பலரும் எண்ணுவர். அஃது உண்மையன்று. மரத்துக்கு முதன்முதல் எச்சரிக்கை கொடுப்பது குளிரன்று, பகலின் நீளம். நம் நாட்டில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்குமிடையே வேறுபாடு ஒரு மணி நேரமளவே. வெண்மலைப் பகுதியிலோ ஆனித் திங்களிற் பகல் பதினைந்து மணி நேரத்துக்கு மேல் நீளும். ஒக்டோபர் நடுவில் அது பதினொரு மணியளவாகச் சுருங்கிவிடும். பகல் குறுகக் குறுக, மரம் தன் இலைகளின் கணக்கை முடிக்கத் தொடங்குகின்றது. இலைக்குப் பச்சை நிறந் தருவது பச்சையம். அதனை மரம் கோடை முழுவதும் ஓயாது புதுப்பித்துக்கொண்டேயிருக்கும். இலையுதிர் காலம் நெருங்கியதும் புதுப்பித்தலை நிறுத்தி, உள்ளதையும் சிதைத்து, அதிலுள்ள நைதரசன் முதலிய அரும்பொருள்களைக் கிளைக்கும் வேருக்கும் திருப்பி எடுத்துக்கொள்கின்றது. வாடகை வீட்டைக் காலி செய்பவன் தன் தட்டுமுட்டுகளை முதலில் வெளியேற்றுவது போன்றதே இது.

பச்சையம் நீங்கியதும், அதுவரை அதன் பின்னால் மறைந்திருந்த மஞ்சட் பொருள்கள் வெளிப்படுகின்றன. கரட்டுக் கிழங்கின் நிறத்துக்குக் காரணமான இனத்தைச் சேர்ந்தவை அவை. பேர்ச் மரத்தின் பொன்மஞ்சள் இவ்வகையது. அது புதிதாக வந்ததன்று. கோடை முழுவதும் இலைக்குள்ளே இருந்ததே. சிவப்பின் கதை வேறு. மேப்பிள் மரங்களின் செந்நிறத்துக்குக் காரணமான அந்தோசயனின் என்னும் பொருளை, இலை தன் இறுதி நாட்களிற் புதிதாக ஆக்குகின்றது. இலைக்காம்பின் அடியில் தக்கை போன்றதோர் அடுக்கு வளர்ந்து வழியை அடைக்க, இலையில் தேங்கிய சருக்கரையிலிருந்து இந்நிறம் பிறக்கின்றது. ஆதலாற்றான் பகலில் நல்ல வெயிலும், இரவில் உறையாத அளவுக்குக் குளிரும் தொடர்ந்து வரும் ஆண்டிற் சிவப்பு மிகுந்து தோன்றும்; மேகமூட்டமும் மழையுமான ஆண்டில் மங்கிப்போகும். உதிரப்போகும் இலை இவ்வளவு முயற்சியெடுத்து ஒரு புதிய நிறத்தை ஏன் ஆக்க வேண்டும்? பச்சையம் நீங்கிய இலையை வெயிலின் கொடுமையினின்றும் காத்து, மரம் தன் பொருள்களை மீட்டெடுக்க அவகாசந் தருவதே இதன் பயன் என்பது அறிவியலாளர் பலரின் கருத்து; பூச்சிகளை விலக்குவதற்கென்பாரும் உளர்.

இன்று இவ்வளவு செழிப்பாக நிற்கும் இக்காடு, நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்னர்ச் சாம்பல் மேடாகக் கிடந்தது என்றால் நம்புதல் அரிது. 1867 இல் நியூ ஹம்ப்ஷயர் அரசு தன் மலைக்காடுகளை ஏறக்குறைய 27,000 டொலருக்குத் தனியாருக்கு விற்றுவிட்டது. மரவெட்டிகள் மலைக்குள் இருப்புப்பாதை அமைத்து, சரிவுகளை மொட்டையடித்தனர். வெட்டியெறிந்த கிளைகள் காய்ந்து கிடக்க, புகைவண்டியின் தீப்பொறியும் மின்னலும் அவற்றைப் பற்றவைத்தன. 1903 ஆம் ஆண்டுத் தீ பெரும்பரப்பை விழுங்கியது. மண் கரைந்து ஆறுகள் கலங்கவே, கீழ்நாட்டு ஆலைக்காரர்களும் விழித்துக்கொண்டனர். இம்மாநிலத்திற் பிறந்து மசசூசெற்ஸ் மாநிலத்தின் சார்பிற் காங்கிரசில் அமர்ந்திருந்த ஜோன் வீக்ஸ் என்பார் கொணர்ந்த சட்டம் 1911 மார்ச் முதலாந் தேதி நிறைவேறிற்று. காட்டினைத் தனியாரிடமிருந்து அரசு விலைக்கு வாங்க வழிசெய்தது அச்சட்டம். 1918 இல் வெண்மலைத் தேசிய வனம் முறையாக நிறுவப்பட்டது. அன்று மரமேற்றிச் சென்ற இருப்புப்பாதைகளின் தடங்கள் இன்று நடைபாதைகள். லிங்கன் ஊருக்கு அருகிலுள்ள அத்தகைய பாதையொன்றில் நடப்போர், புதைந்து உளுத்துப்போன சிலிப்பர்க் கட்டைகளை இன்றும் மிதித்தே செல்கின்றனர். விற்றபோது கைக்கு வந்த பணத்தையும், திரும்ப வாங்கியபோது கொடுத்த பணத்தையும் ஒருவர் கணக்கிட்டுப் பார்க்கலாம். இடையில் எரிந்தவற்றுக்கோ கணக்கில்லை.

இனி வண்டியைப் பற்றி. ஆங்கிலத்திற் ‘கேம்பர் வான்’ எனப்படும் இதனை வீட்டுவண்டி என்று சொல்லிக்கொள்ளலாம். படுக்கை, சிறு அடுப்பு, தண்ணீர்த் தாங்கி, பொருள் வைக்கும் பெட்டகம் ஆகியவற்றை ஒரு வான் வண்டிக்குள்ளே அடக்கியது இது. 1947 இல் டச்சு வணிகரான பென் பொன் என்பார் தம் குறிப்பேட்டிற் பெட்டி போன்றதொரு வண்டியைக் கிறுக்கிக் காட்ட, 1950 இல் ஜெர்மனியின் வொல்க்ஸ்வாகன் நிறுவனத்தார் அதனை ஆக்கி விற்கத் தொடங்கினர். அடுத்த ஆண்டே வெஸ்ட்பாலியா என்னும் மற்றொரு நிறுவனம் அதற்குள் வைக்கத்தக்க மரப்பெட்டகங்களையும் படுக்கையையும் செய்தது. வார நாட்களிற் சாமான் ஏற்றும் வண்டி, சனிக்கிழமையானதும் குடும்பத்துக்கு வீடாயிற்று. அதற்குச் சற்று முன்னதாகவே அமெரிக்காவில் மோட்டார் வண்டியுடன் கூடாரமடித்துத் தங்கும் பழக்கம் பரவியிருந்தது. ஹென்றி போர்ட், தோமஸ் எடிசன் ஆகியோரே 1924 வரை பல கோடைகளில் நண்பர் சூழ இவ்வாறு ஊர்சுற்றினர். அவர்களோடு சமையற்காரரும் பரிவாரமும் சென்றமையின் அதனை எளிய வாழ்க்கை என்று சொல்ல நா எழவில்லை. இக்காலத்து வீட்டுவண்டிகளுள்ளும் சில, குளிர்பதனப் பெட்டி, தொலைக்காட்சி, குளியலறை என நகரத்தையே சுமந்து வருகின்றன. அவ்வளவையும் மலைக்குக் கொண்டுசெல்ல வேண்டுமானால் வீட்டிலேயே இருந்துவிடலாமே என்று கேட்கத் தோன்றும். நடக்க வந்தவனுக்கு வண்டி ஒரு கூரை, அவ்வளவே போதும்.

வெள்ளிக்கிழமை மாலை வேலை முடிந்ததும் பொஸ்டனிலிருந்து வண்டிகள் வடக்கே புறப்படுகின்றன. ஒக்டோபர் இரண்டாந் திங்கட்கிழமை பொது விடுமுறை. அதனையொட்டிய மூன்று நாட்களில் நெரிசல் உச்சத்தை அடையும். மலையடிவாரத்தை அடையும்போது இருட்டிவிடும். அங்கே ஓட்டுநர் அஞ்சவேண்டியது மூஸ் எனப்படும் பெருமான். குதிரையினும் உயர்ந்த இவ்விலங்கு, செப்டெம்பர், ஒக்டோபர்த் திங்கள்களில் இணை தேடி வீதிகளைக் கடக்கும். கருத்த உடலாதலின் இருளிலே தெரியாது; அதன் கண்கள் வண்டி விளக்கின் ஒளிக்கு மேலே இருப்பதால், மான்களின் கண்போல் மின்னவும் மாட்டா. மோதினாற் கால்கள் முறிய, பாரமான உடல் முன்கண்ணாடியின் மேலேயே விழும். ‘மூஸ் வந்தால் நிறுத்து’ என்று வீதியோரத்தில் எழுதிவைத்திருப்பது உல்லாசப் பயணிகளை மகிழ்விப்பதற்கன்று.

தங்குமிடங்கள் வனத்துறையினர் அமைத்தவை. மரங்களினிடையே வண்டி நிறுத்த ஓரிடம், ஒரு மரமேசை, தீ மூட்ட ஓர் இரும்பு வளையம். மின்சார இணைப்பு இல்லை. நினைத்த இடத்தில் வீதியோரத்தே நிறுத்தி உறங்குவதற்கும் எங்கும் அனுமதியில்லை. விறகு பற்றிய விதியொன்று புதியோருக்கு வியப்பளிக்கும். வேற்று மாநிலத்திலிருந்து பக்குவப்படுத்தாத விறகைக் கொணர்தல் குற்றம். ஆஷ் மரங்களை அரித்துக் கொல்லும் மரகத நிற வண்டொன்று விறகுக்குள் முட்டையாகவும் புழுவாகவும் ஒளிந்து ஊர்விட்டு ஊர் செல்கின்றது. 2013 இல் அது நியூ ஹம்ப்ஷயருக்குள்ளும் புகுந்துவிட்டது. ஆகவே எரிக்கப்போகும் ஊரிலேயே விறகை வாங்குதல் வேண்டும். உணவைக் கூடாரத்துள் வைத்து உறங்குதலும் கூடாது. கருங்கரடிகள் பனிக்கால உறக்கத்துக்கு முன்பு உடலிற் கொழுப்பேற்றிக்கொள்ள அலையும் காலம் அது. ஒரு முறை மனிதர் உணவைச் சுவைத்த கரடி மீண்டும் வரும். மீண்டும் மீண்டும் வரும் கரடியை இறுதியிற் கொல்லவேண்டியதாகும். எனவே சோற்றுப் பானையைப் பூட்டிவைப்பவன் தன்னை மட்டுமன்றிக் கரடியையும் காக்கின்றான்.

சனிக்கிழமை நடைக்குரிய நாள். பிராங்கோனியா என்னும் கணவாயின் கிழக்கே நீண்டு கிடக்கும் மலைமுதுகு இப்பகுதியின் புகழ்பெற்ற நடைகளுள் ஒன்று. அருவிகளையொட்டி ஏறி, லிட்டில் ஹேஸ்டாக், லிங்கன், லாபயெட் ஆகிய கொடுமுடிகளை மலைமுதுகின் மேலாகவே தொட்டு, மறுபக்கத்தே இறங்கித் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடலாம். சுற்று முழுவதும் ஒன்பது மைலளவு. ஏற்றம் ஏறத்தாழ 3,900 அடி. அடிவாரத்தில் மேப்பிளும் பீச்சும் பேர்ச்சும். மேலே செல்லச் செல்ல ஊசியிலை மரங்கள். அவையும் குறுகிக் குறுகி முழங்காலளவாகி மறைய, வெறும் பாறையும் புல்லும் காற்றுமே எஞ்சும். கீழே நோக்கினால் பள்ளத்தாக்கு முழுவதும் நிறங்களின் வெள்ளம். இவ்வளவு நேரம் அண்ணாந்து பார்த்த நிறத்தை இப்போது குனிந்து பார்க்க வேண்டியிருப்பது நடந்து ஏறியவர் மட்டுமே பெறும் இன்பம். வண்டியிலிருந்தவாறே கண்ணாடி வழியாகப் படம் பிடித்துச் செல்வோர் இதனை அறியார்.

மரமற்ற அவ்வுயரத்திற் சில சிறு செடிகள் பாறையிடுக்கில் வாழ்கின்றன. அவற்றுள் ரொபின்ஸ் என்பார் பெயரால் வழங்கும் மஞ்சட்பூச் செடி உலகில் இவ்வெண்மலைகளில் மட்டுமே உள்ளது. உள்ளங்கைக்குள் அடங்கும் அச்செடியை, நடப்போரின் சப்பாத்துகள் ஏறக்குறைய அழித்தேவிட்டன. பாதையை வேறு வழியாகத் திருப்பி, செடிகளை நட்டு வளர்த்ததன் பயனாக 2002 இல் அது அழிவுறும் இனங்களின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. பாறையைவிட்டுப் புல்லில் கால் வைக்காதீர் என்று வழிகாட்டிகள் சொல்வதன் காரணம் இதுவே.

அடிவாரத்திற் சட்டையோடு வியர்த்து நின்றவர், மலைமுதுகிலே பனித்துகளைக் காண்பது ஒக்டோபரில் அரிதன்று. ஆயிரம் அடி ஏறினால் வெப்பம் மூன்று முதல் ஐந்து பரனைற் பாகை குறையும். அதனோடு காற்றும் ஈரமும் சேர்ந்தால் உடல் தன் சூட்டை இழக்கும் வேகம் பன்மடங்காகும். பருத்தி உடை நம் நாட்டுக்கு ஏற்றதே. ஆயின் வியர்வையில் நனைந்த பருத்தி குளிர்மலையிற் பகையாகிவிடுகின்றது. கம்பளி நனைந்தும் சூட்டைக் காக்கும். உடலின் உள்வெப்பம் 95 பாகைக்குக் கீழே இறங்கினால், முதலில் நடுக்கம், பின்னர் நாக் குழறும், கைவிரல் பொத்தானைப் பூட்ட மறுக்கும், கால் தடுமாறும். எல்லாவற்றினும் கொடியது, அறிவு தடுமாறுவது. தனக்கு ஒன்றுமில்லையென்று அவரே சாதிப்பார். உடன் வந்தவர் கண்டு சொன்னாலன்றி அவர் அறியமாட்டார்.

இதற்குச் சான்றாக அம்மலை நாட்டார் இன்றும் சொல்லும் நிகழ்ச்சியொன்றுண்டு. 1855 செப்டெம்பர் 14 ஆந் தேதி. மெயின் மாநிலத்துக் கெனபங்க் ஊரைச் சேர்ந்த லிஸ்ஸி போர்ன் என்னும் 23 வயது நங்கை, தன் மாமனாரான ஜோர்ஜ் போர்ன் என்பாருடனும் அவர் மகள் லூசியுடனும் வாஷிங்டன் மலையேறப் புறப்பட்டாள். மாமனார் என்றது ஈண்டுத் தந்தையின் உடன்பிறந்தாரை. நம் முறைப்படி சொன்னாற் சிறிய தந்தை அல்லது பெரிய தந்தை ஆவார். காலையில் மழை, ஆகவே அவர்கள் கிளம்பும்போது பிற்பகலாகிவிட்டது. உச்சியிலுள்ள விடுதியில் இரவு தங்கி, காலையிற் கதிரவன் எழுவதைக் காண்பது அவர்கள் எண்ணம். நம் யாத்திரிகர் சிவனொளிபாதத்திற் கொள்ளும் எண்ணமே அது. ஆயினும் நம் மலையில் யாத்திரைக் காலத்தில் வழி நெடுக விளக்கு. அடிக்கொரு தேநீர்க் கடை. முன்னும் பின்னும் ஆயிரம் பேர். அவர்களுக்கோ வழிகாட்டியுமில்லை. மரவெல்லையைக் கடந்ததும் காற்று எழுந்தது, முகில் மூடிற்று, இருள் சூழ்ந்தது. ஒவ்வொரு மேட்டையும் உச்சியென்று எண்ணி ஏறினர். அப்பால் வேறொரு மேடு நின்றது. லிஸ்ஸியின் கால்கள் தளர்ந்தன. இனி நடத்தல் இயலாதென்று கண்ட முதியவர், கற்களை அடுக்கி ஒரு சிறு மதிலெழுப்பி, பெண்களிருவரையும் அதன் மறைவிற் படுக்கவைத்து, தாம் உறைந்துபோகாதிருக்கக் கல் சுமந்தபடியே நின்றார். இரவு பத்து மணியளவில் அவர் அப்பெண்ணின் கையைத் தொட்டபோது அது குளிர்ந்திருந்தது. விடிந்து முகில் விலகியதும் அவர் தலைநிமிர்ந்து பார்த்தார். விடுதி, கூப்பிடு தூரத்தில் நின்றது.

அவ்விடத்தில் இன்றும் ஒரு நினைவுச் சின்னமுண்டு. 1869 முதல் உச்சிக்குச் செல்லும் பற்சக்கரப் புகைவண்டியிலிருந்து பயணிகள் அதனைப் பார்த்துக் கையசைக்கின்றனர். அம்மலையிலும் அதனைச் சூழ்ந்த மலைகளிலும் இதுவரை 150 க்கு மேற்பட்டோர் உயிரிழந்துள்ளனர். குளிர் காலத்தில் வருவோர் குளிரை எதிர்பார்த்து வருவர். இலையுதிர் காலத்தில் வருவோரோ நிறத்தை எதிர்பார்த்து வருவர், அதனால் ஏமாறுகின்றனர்.

ஆகவே வனத்துறையினரும் மாநிலத்தின் மீன், வேட்டைத் துறையினரும் சேர்ந்து நடப்போருக்குப் பத்துப் பொருள்களை வகுத்துள்ளனர். நிலப்படம், திசையறி கருவி, கம்பளியுடை, மேலதிக உணவும் நீரும், மின்சூள், தீப்பெட்டி, முதலுதவிப் பொருள்கள், ஊதுகுழல், மழையுடை, சிறு கத்தி என்பன அவை. கைத்தொலைபேசியில் நிலப்படமும் விளக்கும் உள்ளனவே, வேறென்ன வேண்டும் என்பாருண்டு. குளிரில் அதன் மின்கலம் விரைவில் ஓய்ந்துவிடும். பள்ளத்தாக்குகளில் அலையும் எட்டாது. பத்துப் பொருளினும் பாரமற்றதும் பயன்மிக்கதுமான மற்றொன்றுண்டு. ‘இத்தனை மணிக்கு எவ்விடத்திலிருந்தாலும் திரும்பிவிடுவோம்’ என்று அடிவாரத்திலேயே செய்துகொள்ளும் முடிவே அது. ஒக்டோபர் நடுவில் மாலை ஆறு மணியளவிற் கதிரவன் மறைந்துவிடுவான். காட்டுக்குள்ளே அதற்கு முன்பே இருள். உச்சி கண்ணுக்குத் தெரிய, இன்னும் அரை மணிதானே என்று மனம் சொல்லும்போது திரும்புவதற்கு, ஏறுவதற்கு வேண்டியதினும் மிகுந்த துணிவு வேண்டும். வெகு தொலைவிலிருந்து வந்து, மூன்று நாளே விடுமுறை பெற்று, பிள்ளைகளுக்கும் வாக்களித்துவிட்டவருக்கு அது எளிதன்று.

வழி தவறியோரைத் தேடிச் செல்பவர் அத்துறையின் அலுவலரும் ஊதியமின்றித் தொண்டு புரிவோருமே. நள்ளிரவில், மழையில், ஒருவரைத் தூக்குப்படுக்கையிற் கிடத்தி மைல் கணக்கிற் சுமந்து இறங்குவதற்குப் பதினைந்து, இருபது பேர் வேண்டும். தன் கவனக்குறைவால் இடருற்றவரிடம் அச்செலவை அறவிடலாம் என்பது அம்மாநிலத்துச் சட்டம். 2015 முதல் ஆண்டுக்கு 25 டொலர் கொடுத்து ஓர் அட்டை வாங்கினோர், வெறுங் கவனக்குறைவுக்காகச் செலவுக் கடனுக்கு ஆளாகார்; ஆயினும் பொறுப்பற்ற துணிகரத்துக்கு அவ்வட்டை காப்பாகாது. இச்சட்டத்தைப் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. பணத்துக்கு அஞ்சி, உதவி கேட்பதை ஒருவர் தாமதிப்பாராயின், தேடுவோருக்கும் தேடப்படுவோருக்கும் இடர் மிகும் என்பர் ஒரு சாரார். பிறர் உயிரைப் பணயம் வைக்கும் உரிமை எவருக்குமில்லை என்பர் மற்றொரு சாரார். இரண்டிலும் நியாயம் உண்டு. ஆயினும், இருபது பேரை உறக்கத்தினின்றும் எழுப்பும் ஒருவர், ஒரு மின்சூளேனும் கொண்டு சென்றிருத்தல் வேண்டும் என்பதில் வாதத்துக்கு இடமில்லை.

மாலையில் இறங்கி வந்தவருக்கு வண்டி அரண்மனையாகத் தோன்றும். நனைந்ததைக் களைந்து, உலர்ந்த காலுறை அணிந்து, சூடான சூப்பைக் கையிலேந்தும் அந்த அரை மணிக்காகவே நடந்தோம் என்பாரும் உளர். இங்கே மற்றொரு எச்சரிக்கை. இரவில் வெப்பம் உறைநிலைக்கு இறங்கும். குளிருக்கு அஞ்சிச் சாளரங்களையெல்லாம் அடைத்து, வாயு அடுப்பை அல்லது கரியடுப்பை எரியவிட்டு உறங்குவோர் உண்டு. எரிதல் முழுமையாகாவிடிற் காபனோரொட்சைட்டு என்னும் வாயு பிறக்கும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. குருதியில் ஒட்சிசன் ஏறவேண்டிய இடத்தை அது பற்றிக்கொள்ளும். தலைவலியென்று எண்ணிக் கண்மூடியவர் கண் திறப்பதில்லை. அடுப்பு சமையலுக்கு மட்டுமே; சூட்டுக்குக் கம்பளியும் உறக்கப்பையும் போதும். சாளரம் இரண்டு விரற்கடையேனும் திறந்திருத்தல் வேண்டும். அவ்வாயுவை உணர்ந்து ஒலியெழுப்பும் சிறு கருவிகள் உள்ளன. வீட்டுவண்டியில் அலங்காரத் திரையை வாங்குமுன் அதனை வாங்குதல் நன்று.

ஞாயிற்றுக்கிழமை இளைப்பாறுதலுக்கு. லிங்கனிலிருந்து கொன்வே வரை மலைகளைக் குறுக்கறுத்துச் செல்லும் 34 மைல் நீளமான வீதி ‘கன்கமேகஸ்’ எனப்படும். பதினேழாம் நூற்றாண்டில் அம்மண்ணின் பழங்குடியாரான பெனக்கூக் மக்களுக்குத் தலைவனாயிருந்தவனின் பெயர் அது. வீதி 1959 இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. அதன் உயர்ந்த இடம் 2,855 அடி. இவ்வளவு தூரத்துக்கும் ஒரு கடையில்லை, ஓர் உணவுச்சாலையில்லை, பெற்றோல் நிலையமும் இல்லை. புறப்படுமுன் தாங்கியை நிரப்பாதவர் வழியில் இலையழகை வேண்டிய மட்டும் நின்று பார்க்கலாம். ஸ்விப்ட் ஆற்றின் குறுக்கே 1858 இல் கட்டிய கூரையிட்ட மரப்பாலமொன்றும், சிறுவரும் முதியோரும் எளிதில் நடந்து காணத்தக்க அருவிகளும் அவ்வழியில் உள்ளன. மலையேற இயலாதவர்க்கு இவ்வீதியே போதும்.

நெரிசலும் இவ்வீதியிலேயே மிகுதி. பார்வையிடங்கள் நிறைந்ததும் வண்டிகள் வீதியோரத்தில் நிற்கும். மக்கள் படம் எடுக்க நடுவீதியிற் பின்னோக்கி நடப்பர். பிராங்கோனியாக் கணவாயில் நடப்போரின் வண்டிகள் நெடுஞ்சாலையோரத்தில் நீள நின்றமையால், அங்கு நிறுத்துதல் தடைசெய்யப்பட்டது. விவரமறிந்தோர் விடுமுறை வாரத்தை விலக்கி, அதற்கு முன்போ பின்போ வருவர். அல்லது வைகறையிலேயே மலையடியை அடைந்துவிடுவர்.

அக்கணவாயில் முன்னர் இயற்கை விந்தையொன்றிருந்தது. மலைச்சரிவிற் கருங்கற் படிகள் ஐந்து சேர்ந்து, ஒரு முதியவரின் பக்கத்தோற்றம் போலக் காட்சியளித்தன. நாற்பதடி உயரமான அம்முகத்தை இரும்புக் கம்பியாலும் சீமெந்தாலும் பல ஆண்டுகள் தாங்கிப் பிடித்தனர். 2003 மே 3 ஆந் தேதி அது இடிந்து விழுந்தது. மாநிலத்து வீதிப் பலகைகளிலும் வண்டி இலக்கத் தகடுகளிலும் அம்முகம் இன்னும் உள்ளது. ஞாயிறு மாலை தெற்கே திரும்பும் வண்டிகளிலிருந்து முதியோர் அச்சரிவைச் சுட்டிக்காட்டிப் பிள்ளைகளுக்கு அக்கதையைச் சொல்வதுண்டு.

ஒக்டோபர் இறுதிக்குள் மேப்பிள் மரங்கள் வெறுமையாகிவிடும். தங்குமிடங்கள் பலவற்றுக்குக் கதவடைப்பர். குழாய்களில் நீரை வடித்துவிடுவர். நவம்பரில் மான் வேட்டைக்காரர் துப்பாக்கியோடு காட்டுக்குள் வருவதால், அப்போதும் நடக்க விரும்புவோர் கண்ணைப் பறிக்கும் செம்மஞ்சள் உடை அணிதல் வேண்டும். பீச் மரத்தின் இளங்கன்றுகள் மட்டும் தம் இலைகளை விடுவதில்லை. வெளிறிய காகிதம் போன்ற அவ்விலைகள், பனிக்காலம் முழுவதும் கிளையிற் பற்றி நின்று, காற்று வரும்போதெல்லாம் சலசலத்துக்கொண்டிருக்கும்.